பொரிகடலை போட்ட சீனக் கோழி

அன்பு மாரிக்கு, என் அருமைச் சண்டைக்காரிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சீனச் சாப்பாடு சாப்பிட்டேன். ரோட்டோர வண்டியில் வாங்கும் நூடுல்ஸ் இல்லை. ஒரகடத்தில் மாடிமேல் சோபா விற்றுக்கொண்டிருந்தார்களே, அந்தக் கடை காலியாகிவிட்டது. அங்கே இரண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு ஹோட்டல் போட்டிருக்கிறார்கள். பாப்-அப் என்று பெயராம். வருவார்கள், சாப்பாடு போடுவார்கள், போய்விடுவார்கள். கல்யாணப் பந்தல் மாதிரிதான், பெண்ணும் மாப்பிள்ளையும்தான் இல்லை.

எங்கள் மேனேஜர் வீட்டம்மாவோடு போகலாம் என்று இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தார். கடைசி நேரத்தில் ஊரில் ஏதோ விசேஷம் என்று கிளம்பிவிட, அது என் கைக்கு வந்தது. நம் தொழிற்சாலையில் நான் இப்போது லைன் லீடர், தெரியுமா? உன்னிடம் சொல்லாமல் போன செய்திகளில் அதுவும் ஒன்று. கூட வேலை பார்க்கும் தேவியை அழைத்துக்கொண்டு போனேன். வடக்குப்பட்டுக்காரி, வாய் ஓயாது. உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

ஏழு வகையாம். முதலில் ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சூப் வைத்தார்கள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. பந்தியில் எல்லாம் பரிமாறிய பிறகுதானே கை வைப்போம்? மீதி ஆறும் வரட்டும் என்று இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சூப் ஆறி ஆடை கட்டியது. பரிமாறும் பெண் வந்து, "மேடம், நீங்க இத முடிச்சாத்தான் அடுத்தது வரும்" என்றாள்.

சொல்லவா வேண்டும்? நம் கேன்டீன் வேகம்தான் உனக்குத் தெரியுமே. வைத்ததை வைத்த நிமிஷமே காலி செய்தோம். ஒரு கொழுக்கட்டை, ஒரு துண்டு மீன், இரண்டே இரண்டு கத்தரிக்காய். பக்கத்து மேசையில் இரண்டு சீனாக்காரர்கள் முதல் கிண்ணத்தையே இன்னும் ரசித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாக்கா, ஷிப்ட் பெல்லு அடிக்கப் போவுதா நமக்கு? சோறு எப்போக்கா வரும்?" என்று தேவி சிரித்தாள்.

ஐந்தாவதாகக் கோழி வந்தது. மெனு அட்டையில் 'பொரிகடலை போட்ட மிளகாய்க் கோழி' என்று எழுதியிருந்தது. எனக்கு நிலக்கடலை ஆகாது என்று வாசலிலேயே சொல்லி வைத்திருந்ததால், "இதுல வேர்க்கடலை கெடயாது மேடம், தைரியமா சாப்பிடுங்க" என்று அந்தப் பெண் வைத்துவிட்டுப் போனாள். ஒரு துண்டை வாயில் போட்டேன். முதலில் மிளகாய், பிறகு நாக்கை மரக்க வைக்கும் அந்தச் சீன மிளகு, அதற்கும் பின்னால் கருப்பட்டி. மாரி, கருப்பட்டி! சீனக் கோழியில் கருப்பட்டி போடுகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

நீ லைனை விட்டுவிட்டு, சீன இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்த புதிதில் நம் அறைக்கு ஒரு டப்பாவில் இதைக் கொண்டுவந்தாய். நிலக்கடலை இருப்பது தெரியாமல் அள்ளி அள்ளித் தின்றேன். கண்ணும் உதடும் வீங்கி, மூச்சு இழுத்து, ஷேர் ஆட்டோவில் என்னை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு நீ இழுத்துக்கொண்டு ஓடினாய். வழியெல்லாம் அழுதாய். ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகுதான் உனக்கு வாய் திரும்பியது. "சங்கரன்கோயில் பக்கத்துல பொறந்துட்டு கடலை ஆகாதுன்னு சொல்லுத மொத ஆளு நீதாம்ட்டி!" என்று திட்டினாய். அடுத்த டப்பாவில் நிலக்கடலை இருந்த இடத்தில் வறுத்த பொரிகடலை இருந்தது.

ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடமே சொல்லிவிடுகிறேன். லைன் பெண்கள் ஆறேழு பேர் நம் அறைக்கு வந்திருந்தார்கள். நீ டப்பாவோடு உள்ளே வந்தாய். "இவங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஒருத்தி கேட்டாள். "டிபார்ட்மென்ட்டா? சீனாக்காரன் எச்சித் தட்டு கழுவுதா" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள்.

வேடிக்கைக்குத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். என்னை அந்த லைனில் தனியாக விட்டுவிட்டு நீ போனது எனக்குப் பொறுக்கவில்லை. லைனில் உனக்கு எதிர் மேசையில் எட்டு மணி நேரம் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்று பழகியவள் நான். அதை அப்படிச் சொல்லத் தெரியாமல் இப்படிச் சொல்லிவிட்டேன். நீ டப்பாவை அலமாரியில் வைத்தாய். இரண்டு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் பக்கமே குடிபோய்விட்டாய். நான் படியிறங்கிக்கூட வரவில்லை.

எட்டு மாதம் நாம் பேசவில்லை. பிறகு மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் தம்பி போன் செய்தான். ஊருக்கு நான் வரவில்லை மாரி. எந்த முகத்தோடு வருவது? அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் உன் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன். என் மேல் கோபத்தோடே போய்விட்டாயா? இரண்டு வருஷமாக எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

சமைத்தவர் மேசை மேசையாக வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். பிரபு என்று பெயர், மறைமலை நகர்க்காரர், நாற்பது வயதிருக்கும். எங்கள் மேசைக்கு வந்ததும், "இதுல பொரிகடலை போடணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"அது என் ஐடியா இல்லீங்க. தண்டலம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வேலை பாத்தேன். அங்க மாரின்னு ஒரு பொண்ணு. நான் கேட்டரிங் படிச்சவன், அது படிக்காதது. ஆனா இந்தக் கோழிய அதுகிட்டதான் கத்துக்கினேன். நாங்க பொட்டுக்கடலைன்னு சொல்லுவோம். அது சொன்ன பேரையே அட்டையில போட்டேன்."

"வேர்க்கடலை போட்டுத்தானே செய்வாங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். ஒரு சீனாக்காரரு கடலை பாக்கெட்டையே கொண்டாந்து குடுத்தாரு. ஊஹூம், மசியல. வறுத்து அவருக்குத் தனியா தட்டுல வச்சாளே தவிர, சட்டியில போட வுடல. 'என்கூட இருக்கவளுக்கு ஆகாது, ஒரே சட்டி'ன்னுட்டா. தங்கச்சியோ யாரோ."

"நீங்க அங்க எப்போ சேந்தீங்க?"

"பொங்கல் கழிச்சுங்க."

ஆயுத பூஜைக்குப் பிறகு தீபாவளி, அதற்கும் பிறகு பொங்கல். அப்போது நீ என்கூட இல்லை, மாரி. ஒரே அறையில் இல்லை, ஒரு பேச்சுகூட இல்லை. நான் எந்த நாளும் வந்து நிற்கலாம், வந்தால் சட்டியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கலாம் என்றா இருந்தாய்? பத்து நிமிஷ நடைதூரம். ஏன் நான் வரவில்லை?

"அது நான்தாங்க" என்றேன். பிரபு உள்ளே போய் இன்னொரு தட்டுக் கோழி எடுத்துவந்தார், இந்தத் தடவை தட்டு நிறைய. சுற்றியிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க நான் ஓவென்று அழுதேன். தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. "அழுவாதக்கா, ஆறிப் போவுது, துண்ணு" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன். இந்தத் தடவை அவசரமே படவில்லை.

சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "யாரு, செல்வியா?" என்றார்கள். அடுத்து திட்டுதான் விழும் என்று காத்திருந்தேன். "ரெண்டு வருசமா ஒன் குரலுக்குத்தாம் பாத்துக்கிட்டு இருக்கேன் தாயி. எம்மவ அங்கன என்னதான் சமைச்சா? நீ தின்னுருப்பியே, சொல்லு" என்றார்கள். உன் கையால் செய்த சீனச் சாப்பாட்டை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். மிளகாயில் தொடங்கிக் கருப்பட்டிவரை சொன்னேன். மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரபு என்னை அடுப்படிக்குள் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதை முழுசாகக் கற்றுக்கொண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறேன். சுற்றுவழியில் இல்லை, உன் தெரு வழியாகத்தான். உன் அம்மாவின் அடுப்பில் நானே செய்வேன். நாலு கடலை போடேன் தாயி என்று அவர்கள் கேட்கத்தான் போகிறார்கள். போட மாட்டேன் மாரி, இது சத்தியம். உன் அம்மாவோடு நானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரே சட்டி.

இன்னமும் உன்கூட இருக்கிறவள்,
செல்வி