பாதி மாத்திரை

பிப்ரவரி 3, திங்கள்

அப்பாவை மருத்துவமனையிலிருந்து கோலா சாவா வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆகஸ்ட்டிலிருந்து இது நான்காவது முறை. இதயம் பலவீனம், காலில் நீர், மூச்சுத் திணறல். ஒவ்வொரு தடவையும் நீர் இறக்கும் மாத்திரையைக் கூட்டி அனுப்புகிறார்கள்.

கிள்ளானிலிருந்து அண்ணன் கணேசமூர்த்தி போனில்: "இன்னொரு தடவ வார்டுக்குப் போனா முதியோர் இல்லந்தான். இடம் பாத்து வெச்சிட்டேன். நீ வேலைக்குப் போயிட்டா யாரு பாக்கறது?"

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 5

வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவக் குழு. வந்தது தாதி ரோகினி மட்டும், டாக்டர் போனில். "எல்லாரும் ஒரே ஃபைலத்தான் பாப்போம்கா." ஒருங்கிணைப்பாம்; நான் பாடம் நடத்தும் கல்லூரியின் கூட்டங்களில் அந்தச் சொல்லை நிறையக் கேட்டுவிட்டேன்.

அவள் முதலில் திறந்தது சமையலறை அலமாரியை.

"என்னம்மா, மாத்திரை செக் பண்றியா, மசாலா செக் பண்றியா?" என்றார் அப்பா.

"ரெண்டுந்தான் தாத்தா. கருவாட்ட எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க?"

அப்பா சிரித்தார்.

பிப்ரவரி 12

எடை ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. நான் வைத்துவிட்டுப் போகும் மாத்திரைகள் ஒழுங்காகத் தீர்கின்றன. பிறகு ஏன்?

பிப்ரவரி 14

நான் கல்லூரியில் இருந்தபோது ரோகினி சொல்லாமல் வந்திருக்கிறாள். அப்பா வேலியோரம் நின்று, பக்கத்து வீட்டு முருகையா மாமாவிடம் பாதி மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் சேர்ந்து பால்மரம் வெட்டியவர்கள். மாமா தனியாள்.

சாயங்காலம் கேட்டதற்கு அப்பா: "அவனுக்கும் அதே வீக்கம்லா. கிளினிக்குக்கு யாரு கூட்டிட்டுப் போறா? அந்தக் காலத்துல தோட்டத்து ஆஸ்பத்திரில டாக்டரு ஏது, டிரெஸ்ஸர்தான் எல்லாத்துக்கும் ஒரே மருந்த ஊத்துவாரு. வாங்கிட்டு வந்தவன் பக்கத்து வீட்டுக்கும் குடுப்பான்."

கத்திவிட்டேன். என்னப்பா இது, மருந்தா, மீன் கொழம்பா, வேலிக்கு மேல குடுக்க?

டாக்டர்கள் அளவைக் கூட்டக் கூட்ட, பாதி வேலி தாண்டியிருக்கிறது. வார்டு டாக்டருக்கு வேலி எப்படித் தெரியும்?

பிப்ரவரி 17

விடுப்பு எடுத்து மாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரோகினி சொல்லித்தான். இரத்தப் பரிசோதனை முடிவு வந்த உடனே ஆம்புலன்ஸ். அவருடையது இதயமில்லை, சிறுநீரகம்.

அப்பா இப்போது வீட்டில். மாமா வார்டில். குழுவின் கணக்கில் இதை எங்கே எழுதுவார்கள்?

மார்ச் 1

மாமா போய்விட்டார். வார்டிலேயே.

மார்ச் 4

அப்பா மாத்திரையைத் தொடவில்லை. மூன்று நாள். கால் மறுபடி வீங்குகிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது. ரோகினி எடையைக் குறித்துக்கொண்டு, "நாளைக்கும் இப்படின்னா வார்டுதான்கா" என்றாள். வார்டு என்றால், அண்ணன் பார்த்து வைத்த இடம்.

அப்பா சொன்னது ஒன்றுதான்: "நாந்தானே குடுத்தேன்."

மார்ச் 5

டாக்டரிடம் போனில் கேட்டேன். சிறுநீரகம் பல வருடமாகவே கெட்டிருந்தது என்றார். "மாத்திரை முழுக் காரணமில்ல."

முழுக் காரணமில்லை. அப்படியென்றால்? வகுப்பில் ஒரு மாணவி இப்படிப் பாதியில் நிறுத்தினால் விடமாட்டேன். டாக்டரை விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் போய், "ஒங்க மாத்திரையால இல்லப்பா, டாக்டரே சொன்னாரு" என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

ஏப்ரல் 21

அண்ணன் கூப்பிட்டார். இல்லத்தில் இடம் காலியாகிறதாம், வெள்ளிக்குள் சொல்ல வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு அப்பா வார்டுக்கே போகவில்லை என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

தெரியாது, ஆனால் அந்த இடம் வேண்டாம் என்றேன்.

காலை முதல் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளி வாங்கியிருக்கிறேன். மாத்திரையை நானே கையில் கொடுக்கிறேன். விழுங்குமுன் அப்பா தினமும் கேட்கிறார்: "இது எனக்கு மட்டுந்தானே?"

ஆமாம்ப்பா என்கிறேன்.