போதும் என்று சொல்லத் தெரியாத கிருமி

என் செல்ல ஜெயாக்கா,

கொன்னுட்டேன்க்கா. உன்னைக் கொண்டுபோன அந்த டைபாய்டுக் கிருமியை நேற்று லேபில் வைத்துக் கொன்னுட்டேன். ஏழு வருஷமாக இதுக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

அந்தச் சனியனுக்கு எம்புட்டுத் திமிர் தெரியுமா? காய்ச்சல் வந்தால் நம்ம உடம்பு இரும்புச்சத்தை ஒளித்துவைத்துவிடும், கிருமி பட்டினி கிடக்கட்டும் என்று. அது சும்மா கிடக்குமா? இரும்பு குறைந்ததும் அதன் ஜீன்களில் ஒரு சுவிட்ச் ஆன் ஆகும். திருடத் தேவையான சாமான்களைச் செய்து அனுப்பி, நம்மிடமிருந்தே பிடுங்கித் தின்னும். வயிறு நிறைந்ததும் சுவிட்சை அணைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரும்பு அதுக்கே விஷம்.

அந்தச் சுவிட்சை உடைத்தேன். போதும் என்று சொல்லத் தெரியாமல் தின்றுகொண்டே இருந்தது. நல்லாத் தின்னு என்று விட்டுவிட்டு, புண் கழுவுகிற நுரை மருந்தைச் சில சொட்டு ஊற்றினேன். தின்ற இரும்பே அந்த மருந்தோடு சேர்ந்து அதுக்கு விஷமாச்சு; மறுநாள் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. சுவிட்ச் உடையாததோ அதே மருந்தில் பிழைத்துக் கிடந்தது.

எங்க சார், "பேப்பர் எழுதும்மா" என்றார். எனக்குச் சந்தோஷமே வரலைக்கா.

உனக்குக் காய்ச்சல் விடுகிறவரை இரும்பு டானிக் வேண்டாம் என்று டாக்டர் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னார். மச்சான் அதுக்கு முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார். பார்க்க வந்த சனமெல்லாம், "புள்ள எம்புட்டு வெளுத்துப் போச்சு, ரத்தம் ஊற ஏதாச்சும் குடுங்கப்பா" என்றது. டானிக்கால்தான் நீ போனாயா? டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. "வாங்கியாந்து கொன்னுட்டான்" என்று மச்சானை வாசப்படி ஏறவிடவில்லை. அவர் அவனியாபுரத்தில் லேத் பட்டறையே கதியென்று கிடக்கிறார்.

போன ஞாயிறு சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்துவிட்டார்க்கா. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்: "அவன் மூஞ்சில முழிக்காத, வா." நானும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும்தானே? நீ வேண்டாமென்று முகத்தைத் திருப்பினாய். மைக்ரோபயாலஜி முதல் வருஷம் படித்த கொழுப்பில், "டாக்டர் அப்படித்தான் சொல்வாரு, படிச்சவ சொல்றேன், குடி" என்று மூன்று வேளையும் ஊற்றினது நான். மச்சானுக்கும் தெரியும். இம்புட்டு வருஷத்தில் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை, பாவி மனுஷன். அம்மா அவரைத் திட்டும்போதெல்லாம் நான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

கிருமியைப் பழிவாங்கியாச்சு. அடுத்தது யாருக்கா?

வாற ஞாயிறு மச்சானைக் கையோடு கூட்டிவந்து, அம்மா முன்னால் நிறுத்தி, ஊற்றினது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம். அவள் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கட்டும். குறுக்கே விழுந்து தடுக்க நீ இல்லை. அதுவும் என்னால்தானே.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்