மெக்கானிக்கின் குரல்

மகாராணிக்கு,

நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுது, நீ வந்ததும் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

அப்பாவுக்கு இப்ப தேவலையா? நீ போனே எடுக்க மாட்டேங்கிற. நேத்து உன் தங்கச்சிதான் எடுத்தா. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொன்னா. யாருன்னு நான் கேட்கலை. அவ்வளவு பெரிய வீட்டுக்கு நாலு பேர் வரத்தானே செய்வாங்க.

நாம டப்பிங் பேசுற இந்திப் படம் இன்னிக்கு முடிஞ்சிடுச்சு. பணக்காரப் பொண்ணுக்குப் பார்த்து வச்ச மாப்பிள்ளைக்குப் பேசினவன் பரவாயில்லை, கொஞ்சம் மூக்கால பேசுறான். அவ காதலிக்கிற மெக்கானிக்குக்கு நான் தனியாத்தான் பேசினேன். நீ கிளம்புறதுக்கு முன்னாடி அவளுக்குப் பேசி வச்சதை ஹெட்போன்ல கேட்டுக் கேட்டு பதில் சொன்னேன்.

ரயிலடி சீன்ல, "அப்பாவைப் பார்த்துட்டு உடனே வந்துடுறேன்"னு சொல்லிட்டுப் போறாளே, திரும்பி வராமலே போயிடுறாளே, அதுல பிரமாதமா பேசியிருக்கே. அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனேன்னு மண்டையைக் குடைஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது. உன்னை பஸ் ஏத்திவிட்ட அன்னிக்குக் கேட்டது.

"சரி, போயிட்டு வா"ன்னு நான் சொல்லணும். எத்தனை தடவை சொல்லியும் சரியா வரலை. "அவன் அவளை நம்பலை சார், ஆனா நம்புற மாதிரி காட்டிக்கிறான்"னார் டைரக்டர்.

பஸ் ஸ்டாண்டுல உன்கிட்ட எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னேன். உடனே ஓகே ஆயிடுச்சு.

இன்னும்
உன் வீட்டுக்காரன்