லேபல் வெட்டியவள்

அம்பிட்டிய,
கண்டி.
மார்ச் 3.

அன்புள்ள தங்கச்சி டொரதிக்கு,

கர்த்தர் உன்னையும் உன் கைகால்களையும் காப்பாராக. அம்மா சுகம். சீனி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தவக்காலத்தில் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நீ என்னோடு பேசி இருபத்திரண்டு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகும் நேரம் பார்த்து அம்மாவை அழைக்கிறாய் என்பது தெரியும். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இப்பத்தான் டொரதி பேசிட்டு வச்சா, நல்லா இருக்காளாம் என்று அம்மா அறிவிக்கிறார். அக்காவைக் கேட்டாளா என்று நான் கேட்பதில்லை. கேட்காததற்கும் சேர்த்து, ஒங்களுக்குள்ள என்னாடி என்று அவர் என்னைக் கேட்கிறார். போனில் சொல்லலாம் என்றால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் கடிதம். நம் ஊர் ஸ்ரீதரன் மாஸ்டர் தன் மகளைப் பார்க்க நீ இருக்கும் மிலானுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாதே. பிறகு திட்டு.

கோயிலில் உடுப்பு விற்ற சேல் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். கண்டி ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வைத்துவிட்டு வெளியே படுக்க இடமில்லாமல் நிற்பவர்களுக்காக நம் கோயில் நடத்தும் வீட்டின் கூரை நவம்பர் மழையில் போய்விட்டது. வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர்களிடம் நல்ல உடுப்புகள் கேட்டு வாங்குங்கள், விற்றுக் கூரை போடுவோம் என்று பாதர் லோரன்ஸ் சொன்னார். எல்லாருக்கும் ஒவ்வொரு பை வந்தது. உன்னிடமிருந்து ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி வந்தது.

பாதர் அதைப் பூசையில் அறிவித்தார். மிலானில் வேலை செய்யும் டொரதி, அங்குள்ள சீமாட்டி ஒருத்தியின் விலையுயர்ந்த உடுப்புகளைக் கேட்டு வாங்கி நமக்கு அனுப்பியிருக்கிறார் என்றார். சனம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது, டொரதி. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பார்கள். உனக்கு அக்காவுக்கு முன்னால் கோயில் வந்துவிட்டது. போன வருடம் நீ எனக்கு அனுப்பியது என்ன? முழங்காலுக்குப் பூசும் களிம்பு. சனத்துக்குப் பட்டு, எனக்குக் களிம்பு.

போதாததற்கு நீ குரல் செய்தி வேறு போட்டிருந்தாய். பெட்டிய நீங்களே திறங்கக்கா, வேற யாரையும் திறக்க விடாதீங்க என்று. எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? சாமான் களவு போகாமல் காவல் இரு என்று கேட்டது. அம்மாவுக்குக் காவல், வீட்டுக்குக் காவல், இப்போது உன் பெட்டிக்கும் காவல்.

கோயில் மண்டபத்தின் பின் அறையில் தனியாகத்தான் திறந்தேன். பல்லேகலை கார்மன்ட் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் குவாலிட்டி பார்த்தவள் நான். எத்தனை ஆயிரம் உடுப்பைப் புரட்டிப் பார்த்திருப்பேன், இப்படி ஒரு தையலைக் கண்டதில்லை. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாத வேலை. கழுத்து லேபல்கூட என் ஞாயிற்றுக்கிழமைச் சேலைக் கரையைவிட அழகாக நெய்திருந்தது. ஒட்டக நிறத்தில் ஒரு கோட் இருந்ததே, அதைப் போட்டுப் பார்த்தேன். கை என் விரல்நுனியையும் தாண்டித் தொங்கியது. உன் உயரமுள்ளவளுக்குத்தான் அது பொருந்தும். கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் கான்வென்ட் விடுதி ஞாபகம் வந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் அக்கா சட்டை தங்கச்சிக்கு வரும். நம் வீட்டில் மட்டும் தங்கச்சி சட்டை அக்காவுக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்து நான் குட்டையாக நின்றுவிட்டேன், நீ மூங்கில் போல வளர்ந்தாய். விடுதிச் சலவையில் மாறிப்போகாமல் இருக்க எல்லாப் பிள்ளைகளின் கழுத்துப் பட்டியிலும் சிவப்பு நூலில் பெயர் தைக்க வேண்டும். விடுதிக் குசினியில் நூறு பேருக்குச் சமைத்த அம்மாவுக்கு, உன் பெயரைப் பிரித்து என் பெயரைத் தைக்க நேரம் ஏது? சனிக்கிழமை துணி கொடுக்கும்போது சிஸ்டர் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்து, டொரதி என்று வாசிப்பார். நீ ஒருமுறை கை தூக்குவாய். அடுத்த டொரதிக்கு நான் தூக்குவேன். வரிசை முழுக்கச் சிரிக்கும். நீயும் சிரித்தாய். அந்த விடுதியில் இருந்த ஏழு வருடமும் என் பெயர் தைத்த சட்டை ஒன்றைக்கூட நான் போட்டதில்லை.

அன்று அந்த அறையில்தான் கத்திரியைக் கையில் எடுத்தேன். பெட்டியிலிருந்த அத்தனை உடுப்பின் லேபலையும் வெட்டினேன்.

ஏன் என்று சேலுக்கு உதவ வந்தவர்கள் தோண்டிக் கேட்கவில்லை. கார்மன்டில் எங்களுக்கு மிச்ச உருப்படிகளை விற்கும்போது லேபல் வெட்டாமல் கேற் தாண்ட விடமாட்டார்கள். கண்டித் தெருவில் வாங்குகிற உடுப்பிலும் பாதி லேபல்தானே இருக்கும். லேபலோடு வைத்தால் களவுச் சாமான் என்று நினைப்பார்கள் என்றேன். என்னோடு வேலை செய்த கலாராணி, அதுவும் சரிதான் என்றாள். உடுப்பு அடுக்க வந்த பாலம்மாக்கா வேறு, வெட்டுனதுதாங்க நல்லது, அது கழுத்துல அரிக்கும் என்றார். அது அவர்களுக்குச் சொன்ன காரணம். உண்மைக் காரணம் உனக்கு மட்டும்: உன் பெட்டியிலிருந்து வந்தது என்று யாரும் கழுத்தைப் புரட்டிப் பார்த்து வாயைப் பிளக்கக் கூடாது. அவ்வளவுதான். பொறாமை, டொரதி. வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

அந்தக் குவியலில் கருநீலத்தில் ஒரு கவுன் இருந்தது. மற்றவை எல்லாம் நெட்டையாக இருக்க, அது ஒன்று மட்டும் குட்டை. கீழ் மடிப்பை யாரோ கையால் ஏற்றியிருந்தார்கள், கையும் குறுக்கியிருந்தது. திருத்திய உருப்படி என்றால் எங்கள் கணக்கில் ரிஜெக்ட். கழிவைக்கூட அனுப்பியிருக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே, கழுத்தைப் பார்க்காமலே விரல் பழக்கத்தில் அதன் லேபலையும் வெட்டி, மலிவுக் குவியலில் எறிந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

சேல் அன்று கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெரிய இடத்துப் பழைய உடுப்புகளை வாங்கி விற்கும் கடைக்காரி. உன் ஒட்டக நிறக் கோட்டைத் தூரத்திலேயே கண்டுபிடித்து ஓடிவந்தாள். கொலரைப் புரட்டினாள். அடுத்ததைப் புரட்டினாள். அவளுடைய முகம் சுருங்கியது. லேபல் எங்கே, லேபல் இருந்தால் இந்தக் கோட் ஒன்றுக்கே உங்கள் கூரை முழுவதும் போட்டுத் தருவேனே என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள். வெட்டியது டப்பாவில் இருக்கிறது, தைத்துத் தரலாமா என்று கலாராணி கேட்டாள். வெட்டித் தைத்ததைப் போலி என்பார்கள் என்றாள் கடைக்காரி. கடைசியில் உன் பெட்டியில் வந்த கைப்பை ஒன்றை மட்டும் வாங்கிப் போனாள். அதன் கம்பனிப் பெயர் பித்தளைப் பூட்டில் பொறித்திருந்தது. என் கத்திரியால் அதை வெட்ட முடியவில்லை. மற்றதெல்லாம் தெருவோர விலைக்குப் போயிற்று. கூரைக்குப் பாதித் தகரம் வந்தது. மற்றப் பாதியில் இன்னும் நீலப் பிளாஸ்டிக் படங்குதான் கட்டியிருக்கிறார்கள். நேற்று மழைக்கு அதன் கீழே பாய்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்களை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம்தான் நீ அழைத்தாய். பெட்டியில பார்த்தீங்களாக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். பார்த்தேன், நல்லாத்தான் குப்பை சேர்த்து வச்சிருக்க, எல்லாம் வித்தாச்சு என்றேன். எல்லாமா என்று கேட்டாய். எல்லாந்தான், ஒன்னும் மிச்சமில்ல என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை மண்டபத்தைக் கூட்டிவிட்டு, லேபல் போட்ட பிஸ்கட் டப்பாவைக் குப்பை நெருப்பில் கொட்டப் போனேன். பளபளவென்று நெய்த பட்டிகளுக்கு நடுவில் வெறும் வெள்ளை நாடாத் துண்டு ஒன்று. அதில் சிவப்பு நூல். அனற் என்று என் பெயர் இருந்தது.

மூன்றே எழுத்து. கடைசி எழுத்தின் புள்ளி சற்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது. உனக்குப் புள்ளி எப்போதும் நேராக விழாது. படியில் உட்கார்ந்துவிட்டேன். போன முறை நீ வந்துவிட்டுப் போனபோது கொடியிலிருந்த என் பழைய நீலச் சட்டை காணாமல் போய், பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்தேனே, அந்தச் சட்டை எங்கே போனது என்பதும் அந்தப் படியில் வைத்துத்தான் தெரிந்தது. அளவு எடுக்க என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன, தரமாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேன்.

அந்தக் கருநீலக் கவுனை வாங்கியது யார் என்று நினைவிருந்தது. என்னோடு கார்மன்டில் இருந்த ரபீகா. இப்போது திகனவில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கொடுத்த விலையைப் போல் மூன்று மடங்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ரபீகா வாசலுக்கே வந்து, வாங்க அக்கா, வராதவங்க வந்திருக்கீங்க, உக்காருங்க என்று கையைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவள் மகள் ஸுமைரா உள்ளேயிருந்து வந்தாள். நீளக் காற்சட்டைக்கு மேல் அந்தக் கவுன், தலையில் அதே நிறத்தில் சால்வை. திங்கட்கிழமை பார்மசியில் வேலைக்குச் சேருகிறாளாம், போட்டுப் பார்க்கிறாளாம். அவளும் என்னைப் போலக் குட்டை. அளவெடுத்துத் தச்ச மாதிரி பாருங்க அக்கா, ஒரு தையல்கூட நான் பிரிக்கல்ல, எந்தப் புள்ளக்கி எந்தக் கை தச்சதோ என்றாள் ரபீகா.

நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பிள்ளை மீதும் எனக்குப் பொறாமை வந்தது, கேட்டுக்கொள். கிட்ட வரச் சொல்லிக் கழுத்தைப் புரட்டினேன். நான்கு மூலையிலும் நான்கு வெள்ளை நூல் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. நூல் நிக்கிதா, வெட்டிவிடுங்க அக்கா என்று ரபீகா கத்திரியை நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. இருக்கட்டும், அது அரிக்காது என்றேன். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று ஒரு பொய் சொல்லி, தேநீர் குடித்துவிட்டு, கைப்பையைத் திறக்காமலே பஸ் ஏறினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். கூரைக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அது செய்யலாம், முதலில் தங்கச்சிக்குச் சொல்லுங்க என்றார். இப்போது மூலைக் கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். அதில் வருவது மற்றப் பாதிக் கூரைக்கு.

அந்த நாடாவைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டார். கண் மங்கல் அல்லவா, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது சின்னவ தையல்தானே என்றார். பிறகு அதை மடியில் வைத்து நீவிக்கொண்டே, நான் தச்சிருக்கணும்டி, அன்னிக்கே நான் தச்சிருக்கணும் என்றார்.

ஓகஸ்ட் லீவுக்கு வருவதாக இருந்தாய். இப்போது யோசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். யோசிக்காதே, வா. இன்னொரு கவுன் தைத்துக்கொண்டு வராதே, உன் சீமாட்டியிடம் எதையும் கேட்காதே, களிம்பும் வேண்டாம். நீ போட்டுப் பழசாக்கிய சட்டை ஒன்று கிடந்தால் எடுத்துக்கொண்டு வா. அதன் கழுத்தில் உன் பெயரைத் தைத்து வை, புள்ளியில்லாத பெயர்தானே, உனக்குச் சுலபம். இந்த முறை யாரும் வாசிக்காமலே நான் கை தூக்குகிறேன்.

மாதா உனக்குத் துணையிருப்பாள்.

உன் அக்கா,
அனற்