அரை அங்குலம்

அன்புள்ள தளபதிக்கு,

போன ஞாயிறு ஆட்டத்தில், என் மேஜையில் நம் பொம்மை டாங்கிகளுக்கு இடையே இருபத்துநான்கரை அங்குலம் இருந்தது. விதிப்படி உன் குண்டு இருபத்துநான்குதான் எட்டும். நான் அளவுநாடாவைச் சற்று நகர்த்திப் பிடித்து, "எட்டுதுப்பா, சுடு" என்றேன்.

முப்பது வருடமாக மயிரிழைக்கும் மல்லுக்கு நின்றவன் நான். நீ சுடுவதற்கான பகடையை உருட்டவில்லை. என்னையே பார்த்தாய்.

"எத்தனை நாளாம்டா?"

டாக்டர் சொன்னதை உன் மகள் என்னிடம் மட்டும் சொல்லி, உன்னிடம் மறைக்கச் சொல்லியிருந்தாள். நான் குனிந்து, கீழே விழாத பகடையைத் தேடினேன். நீ எழுந்து போய்விட்டாய். அதன்பின் போனையும் எடுப்பதில்லை.

ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லாதவனை மன்னித்துவிடு.

டாங்கிகளை நகர்த்தவில்லை, தூசிகூடத் தட்டவில்லை. இந்த ஞாயிறு வா. உன் முறைதான். மறுபடி அளக்கிறேன். எட்டாது என்றுதான் சொல்வேன்.

என்றும்
உன் எதிர்ப்படை