செபாஸ்டின் அண்ணனைத் தெரியாது என்றேன்

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று இலக்கிய வகுப்பில் அந்தப் பழைய அமெரிக்க நாவலைப் பற்றிப் பேசினேன். கறுப்பினத்தவருக்கு அநீதி நடந்தபோது வாய் மூடி நின்ற ஊர்க்காரர்களைக் கோழைகள் என்றேன். கை தட்டினார்கள்.

பூன் லே போகும் ரயிலில் செபாஸ்டின் அண்ணன் ஏறினார். ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்பவர். ஞாயிறு தேவாலயத்தில், தமிழ்த் திருப்பலியில் எங்களுக்கு முந்தின வரிசையில் உட்காருவார். "என்ன பாப்பா, ஸ்கூல் முடிஞ்சிருச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

என்னோடு வந்த என் வகுப்பு மெய் லிங், அவர் சட்டையின் வியர்வை வாடைக்கு மூக்கைப் பொத்தினாள். "யுவர் அங்கிள் ஆ?"

"நோ லா, ஐ டோன்ட் நோ ஹிம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்துவிட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ உக்காரும்மா, நான் நிக்கிறேன்" என்று எழுந்தார்.

அம்மாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுகிறேன். திருப்பலியில் எல்லாரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது, அவர் திரும்பி முதலில் என்னைத்தான் கும்பிடுவார். இந்த ஞாயிறு திரும்பினால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? திரும்பாவிட்டால்…