ஆறாவது குழியில் அம்மா அடித்தது

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் சுகம்தான், என் இடது முழங்கால் மட்டும் ஆபரேஷனுக்குப் பிறகு தனிக்குடித்தனம் நடத்துகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். இது போனில் சொல்லுகிற சங்கதி இல்லை, பக்கத்தில் அம்மா இருப்பாள், நடுவில் நீ சிரிப்பாய், நான் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடுவேன். அம்மா ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டாள் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, நீ அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லி, அவர்களும் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு கோப்பை செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அந்தக் கோப்பையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல். ஏன் என்பதை முதலிலிருந்தே எழுதினால்தான் உனக்குப் புரியும், பொறுமையாகப் படி.

மூன்று மாதம் புல் வெட்டும் வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷமாக அந்த கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டவன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, அம்மாவைத் தொணதொணத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கிளப் செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். கிளப்புக்கு அறுபது வயசாகப் போகிறது, வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற நடைவழிச் சுவர் சும்மாதானே இருக்கிறது, அதில் கோல்ஃப் விளையாட்டின் பழைய கதைகளை எழுதி மாட்டலாம், இங்க புஸ்தகம் படிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான், உக்காந்த இடத்துல செய்யுங்க என்றார். நான் எழுத வேண்டியது, தம்பி வேலை செய்யும் அச்சகத்தில் பெரிய அட்டைகளாக அடிக்க வேண்டியது என்று ஏற்பாடு. கிளப் நூலகத்தில் இருந்த இரண்டு அலமாரிப் புத்தகங்களையும் கரையான் மாதிரி அரித்துவிட்டேன். இத்தனை வருஷம் புல்லைத் தெரிந்துகொண்டேனே தவிர விளையாட்டைத் தெரிந்துகொள்ளவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால், 1457இல், ஸ்காட்லாந்து ராஜா இந்த விளையாட்டுக்குத் தடை போட்டிருக்கிறார். ஆண்பிள்ளைகள் வில் பழகாமல் பந்துக்குப் பின்னால் அலைகிறார்களாம், நாளைக்குச் சண்டை வந்தால் யார் போவது என்று கவலை. பதினெட்டுக் குழி என்கிற கணக்கும் வானத்திலிருந்து விழுந்ததில்லை, அங்கே பேர்போன ஒரு மைதானத்தில் ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு குழி இருந்ததை 1764இல் மாற்றியமைத்தபோது பதினெட்டு ஆயிற்று, பிறகு மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பந்து தோல் பை, அதற்குள் ஒரு தொப்பி நிறைய இறகை வேகவைத்துத் திணிப்பார்களாம், கைதேர்ந்த ஆள் நாள் முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்தாலும் மூன்று நான்குதான் செய்ய முடியும். இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பயிற்சித் திடலில் அவள் தினமும் ஆயிரக்கணக்கில் பந்து பொறுக்கிக் கழுவுகிறவள் ஆயிற்றே, இறகுப் பந்தைக் கழுவினா காயவே ரெண்டு நாள் ஆகும், நல்லவேளை நான் இப்பப் பொறந்தேன் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் மரப்பாலில் வழுவழுவென்று பந்து செய்தார்கள், புதுப் பந்து சரியாகப் பறக்கவில்லை, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நேராகப் பறந்தது. அதைப் பார்த்துத்தான் இன்றைக்குப் பந்து மேலெல்லாம் குழி குழியாக வைக்கிறார்கள்.

தம்பிக்குப் பிடித்தது நிலாக் கதை. 1971இல் நிலாவுக்குப் போன ஒருவர் மண் அள்ளும் கருவியின் நுனியில் மட்டையின் தலையை மாட்டி, மொத்தமான உடையில் ஒற்றைக் கையால் இரண்டு பந்து அடித்தாராம். மைல் கணக்கில் போகிறது என்றுதான் அவர் சொன்னார், பிற்பாடு போட்டோவை வைத்து அளந்தவர்கள் இரண்டாவது பந்தே நாற்பது கஜம்தான் போயிருக்கிறது என்றார்கள். அளக்க ஆள் இல்லாத இடத்துல நானும் மைல் கணக்குல அடிப்பேன் என்று தம்பி சொல்கிறான். இன்னொன்று உன்னை நினைத்துக்கொண்டே எழுதியது. 1900ஆம் வருஷம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு கோல்ஃப் வைத்தார்கள், அதில் ஒரு தாயும் மகளும் ஒன்றாக ஆடினார்கள், மகள் ஜெயித்தாள். பரிசு ஒரு பீங்கான் கிண்ணம். அது ஒலிம்பிக் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, ஊர் சுற்றப் போன இடத்தில் நடந்த ஏதோ ஒரு போட்டி என்றே நினைத்து ஐம்பத்தைந்து வருஷம் வாழ்ந்து இறந்துபோனாள். ரொம்ப நாள் கழித்து யாரோ தேடிக் கண்டுபிடித்து அவள் பிள்ளைகளிடம்தான் சொன்னார்கள். இதையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தெரியாமப் போனாலும் அடிச்சது அடிச்சதுதானே என்றாள்.

இனி ஆறாவது குழிக்கு வருகிறேன். வருஷத்தில் ஒரு நாள் வேலைக்காரர்கள் எல்லாரும் ஜோடி ஜோடியாக விளையாடலாம் என்று விடுவார்கள், இந்தத் தடவை முழங்காலைச் சாக்கு வைத்து நான் ஆடவில்லை, அம்மா தனியாகவே ஆடினாள், நான் அவளுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, அடிகளைக் குறிக்கும் அட்டையை வைத்துக்கொண்டு கூடப் போனேன். ஆறாவது குழி சின்னதுதான், தொண்ணூற்றைந்து கஜம், இடது பக்கம் முழுக்கக் குளம், மூன்றடியில் முடித்தால் நல்ல ஆட்டம். அங்கே தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று மூட்டில் கசிந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் பொறுக்காதே, குனிந்து முடுக்கிக்கொண்டிருந்தேன். டிக் என்று மட்டைச் சத்தம் கேட்டுத் திரும்பினால் பந்து மேலே போகிறது, குழியில் நட்ட கொடிக்கு முன்னால் விழுந்து ஒரு குதி குதித்து, உருண்டு, உள்ளே போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாயை அப்படியே விட்டுவிட்டுக் கத்தினேன், ஏழாவது குழிக்காரர்கள் ஓடி வந்தார்கள், கிளப் சமையல்காரர் வந்தார், எல்லாரிடமும் என் சம்சாரம், என் சம்சாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். அட்டையில் ஒன்று என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரே அடியில் போட்டவர்களின் பெயரை எழுதுகிற பலகை ஒன்று கூடத்தில் இருக்கிறது, அறுபது வருஷத்தில் பதினொரு பெயர், வேலைக்காரர் ஒருவரும் இல்லை. அம்மா பெயரை எழுதச் சொல்லிக் கேட்டேன். கண்ணால் பார்த்த சாட்சி யார் என்றார் செக்ரட்டரி, நான்தான் என்றேன், புருஷன் சாட்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்று இழுத்தார். பத்து நாள் அவரை விடவில்லை. காலையில் அவர் காரை நிறுத்தும் இடத்தில் நான், மத்தியானம் அவர் டீ குடிக்கும் இடத்தில் நான். கடைசியில் மனுஷர் கமிட்டியில் எழுந்து, இருபத்தாறு வருஷத்துல இவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை, இவர் வார்த்தையே சாட்சி என்று பேசி சம்மதம் வாங்கிவிட்டார். அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டு வாய் கிழியப் பேசினேன்.

பலகை எழுதுகிற பெயின்டர் வெளியூர் வேலையாகப் போயிருந்தார், போன புதன்கிழமைதான் வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் பந்து கழுவும் தொட்டியடியில் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன், அவள் பந்தைத் தேய்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் சொன்னாள், உள்ள போனது ரெண்டாவது பந்துங்க. முதல் பந்து குளத்துல விழுந்துச்சு, நீங்க குழாயோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க.  தண்ணீரில் போட்டால் அபராதம் ஓர் அடி, மறுபடி அதே இடத்திலிருந்து அடித்தால் அது மூன்றாவது அடி, ஆகக் கணக்கு மூன்று. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க என் சம்சாரம் என் சம்சாரம்னு ஆடிட்டு இருந்தீங்க. முப்பத்திரண்டு வருஷத்துல நாலு பேர் முன்னாடி என்னைப் பத்தி நீங்க சத்தமாப் பேசினது அந்த ஒரு நாள்தான், அதை நானே ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன், பலகை வரைக்கும் போகும்னு நெனைக்கல என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பந்தில் அழுக்கு இருக்கிறது என்பது மாதிரிதான் சொன்னாள்.

நீ என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நான் அப்போது சொன்னது, யாருக்குத் தெரியப் போவுது, விடு என்பதுதான். எனக்குத் தெரியுமே என்றாள், இப்ப உங்களுக்கும் தெரியும் என்றாள். அன்று மத்தியானம் தம்பி அச்சடித்துக் கொடுத்த கடைசி இரண்டு அட்டைகளை மாட்டப் போனேன். ஒன்று 1925இல் நடந்தது, பெரிய போட்டி, அடிக்கப் போகையில் பந்து மயிரிழை அசைந்துவிட்டது, வேறு ஒருவரும் பார்க்கவில்லை, ஆடியவர் தானே ஓர் அடி அபராதம் போட்டுக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றும் போனார். பாராட்டியவர்களிடம், பேங்கைக் கொள்ளையடிக்காததற்கு யாராவது பாராட்டுவார்களா என்கிற மாதிரி கேட்டாராம். இன்னொன்று 1968, கூட ஆடியவர் மூன்றுக்குப் பதில் நான்கு என்று எழுதிய அட்டையைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவர், போட்ட கையெழுத்து போட்டதுதான் என்று ஓர் அடியில் கோப்பை வாய்ப்பை இழந்தார். இரண்டும் நானே எழுதியது, வார்த்தை வார்த்தையாகத் தேடித் தேடி. ஆணியை ஒரு கையிலும் சுத்தியலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மாட்டிவிட்டு வந்துவிட்டேன், அப்போதும் செக்ரட்டரி அறைக்குப் போகவில்லை.

புதன்கிழமை பெயின்டர் வந்து ஏணி போட்டு, ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு இழுத்து, தங்க வண்ண டப்பாவைத் திறந்தும் வைத்துவிட்டார். அம்மா பெயருக்கு முன்னால என்ன எழுத்து போடணும் என்று கேட்டார். என் பெயரின் முதல் எழுத்துதான்.  கோட்டை அழிச்சிடுங்க என்று சொல்லிவிட்டு நேரே செக்ரட்டரியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. உங்க வார்த்தைய நம்பி நான் கமிட்டியில பேசினேன், நீங்களே வந்து அவங்க கிட்ட சொல்லிடுங்க என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஏழு பேர் முன்னால் நின்று சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இனிமேல் குடும்பத்தார் சாட்சி செல்லாது என்று அங்கேயே ஒரு விதி எழுதினார்கள். என் புண்ணியத்தில் கிளப்புக்கு ஒரு புது விதி. அடி குறித்த அட்டையில் ஒன்று என்று போட்ட இடத்தை அடித்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடிந்திருக்கலாம். மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பிடும் அறையில் எல்லாரும் இருந்தார்கள், அம்மா மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், அரசல்புரசலாக விஷயம் பரவி ஆளாளுக்குக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். என் சம்சாரம் அடிச்சது ஒண்ணு இல்ல, மூணு, முதல் பந்து தண்ணியில போச்சு, அதுக்கப்புறமும் கை நடுங்காம அடுத்த பந்தை நேரா உள்ள போட்டா, அந்தக் குழியில அஞ்சும் ஆறும் அடிச்சுட்டு மூணுன்னு எழுதுன ஆளுங்களை நான் புல் வெட்டிக்கிட்டே பார்த்திருக்கேன், பலகையில பேர் ஏறப் போற நேரத்துல வேண்டாம்னு சொன்ன ஆளை இவ ஒருத்தியைத்தான் பார்த்தேன் என்றேன். நிறையப் பேசிவிட்டேன் போலிருக்கிறது, சமையல்காரர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். சாப்பாடு ஆறுது, உக்காருங்க என்றாள் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டே. ஆனால் அன்றைக்கு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது உன் விஷயம். உன் ஆபீஸில் நீயே வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். அதோடு, நீ போன வருஷம் வேலையில் பெரிய பொறுப்புக்கு வந்ததைச் சொன்னபோது, சரி, நேரத்துக்குச் சாப்பிடு என்றுதான் நான் சொன்னேன், இங்கே யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நேற்று செக்ரட்டரியிடம் சொன்னேன், பெயின்டரிடம் சொன்னேன், திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன், என் மூத்த பொண்ணு இன்ன வேலையில் இருக்கிறாள், அவளுக்குக் கீழே நாற்பது பேர் என்று. அவர் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கண்ணாடி பவரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போய்ப் பார்த்துவிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நிறைந்த ஆயுசோடும் மனசில் குறையில்லாமலும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன்னைப் பற்றிப் பஸ்ஸில் சத்தமாகப் பேசும்
அப்பா